கொக்கு மார்க் இஸ்திரிப் பெட்டி

இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்தது. அடுப்பில் வைத்துச் சூடேற்றும் பழைய காலத்துக் கெட்டி இரும்பு. அருங்காட்சியகத்துக்கென்று யாரோ வாசலில் கொடுத்துவிட்டுப் போனது. அங்கே பதிவேடு எழுதும் அவள், சுற்றியிருந்த துண்டைப் பிரித்ததும் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வெயிலில் வைத்திருப்பார்கள், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பதிவேட்டில் பொருள், எடை, நிறம் எல்லாம் எழுதி, 'மார்க்' என்ற கட்டத்தில் வந்து நின்றாள்.

அந்தக் கட்டத்தில் அவள் பிடிவாதக்காரி. கண்ணால் பார்க்காததை எழுத மாட்டாள். "தெரியலைன்னா 'இல்லை'ன்னு போட்டுத் தொலையேம்மா" என்று மேலதிகாரி எத்தனையோ முறை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார்.

பெட்டியைப் புரட்டினாள். அடித்தட்டின் ஓரத்தில் ஏதோ புடைத்திருந்தது. அதன்மேல் கருகல் அப்பியிருந்தது. பிரஷால் தேய்த்தாள். கருகல் உதிரவில்லை, பிசுபிசுவென்று சுருண்டு வந்தது. கூடவே முடி தீய்ந்த நாற்றமும் அதற்கடியில் கொழுப்பு உருகிய நாற்றமும் எழுந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டன. மேசைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு. அடித்தட்டிலேயே மார்க்கைப் புடைக்க வைத்த மகா புத்திசாலிக் கம்பெனி! துணியெல்லாம் கொக்கு விழுந்திருக்கும்.

சிரிப்பு பாதியில் நின்றது.

இந்தக் கொக்கை அவளுக்குத் தெரியும். அக்காவின் தோளில் தீத்தழும்பாக இருக்கிறது. எண்ணெய் தெறித்துவிட்டது என்று அக்கா சொன்னாள். இவளும் சரி என்று விட்டுவிட்டாள். ஊரார் வீட்டுச் சாமானையெல்லாம் விளக்கு வைத்துப் பார்ப்பவள், கூடப் பிறந்தவளின் தோளைப் பார்க்கவில்லை. பாவி, பாவி!

"இதை யாருங்க கொண்டுவந்தது?" காவலாளியிடம் கத்தினாள்.

"உங்க அக்கா வீட்ல குடுத்து விட்டாங்கன்னு தபால்காரர் வெச்சுட்டுப் போனாரும்மா."

அக்காவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை. அக்காவைக் கட்டிய மாமா மறுபடி கைவைத்துவிட்டார். இந்தத் தடவை கொன்றே...

ஓடினாள். இரண்டு தெரு. படிகள். திறந்த கதவு. அதே நாற்றம்.

"அக்கா!"

"கத்தாதே குட்டி. உள்ளே வா."

அக்கா சமையலறையில் கை கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு கீறல் இல்லை. அப்பாடா! இவள் கட்டிக்கொண்டு அழுதாள்.

"பெட்டி வந்துச்சா?" என்றாள் அக்கா. "உங்க இடத்துல எதையும் யாரும் தொடக் கூடாதுல்ல, அதான் அனுப்பினேன்."

"மாமா எங்கேக்கா?"

அக்கா துண்டில் கையைத் துடைத்தபடி படுக்கையறையைக் கண்ணால் காட்டினாள்.

கட்டிலில் மாமா குப்புறக் கிடந்தார். கை, கால் கட்டியிருந்தது. வாயில் துணி. கழுத்திலிருந்து இடுப்புவரை கொக்குகள். வரிசை வரிசையாக. ஒன்றின்மேல் ஒன்று படாமல். அக்கா எந்த வேலையிலும் அவ்வளவு சுத்தம்.

"சாகலைடி," என்றாள் அக்கா. "சாக விடுவேனா?"

மாமா மூச்சை இழுத்தார். முதுகில் கொக்குகள் அத்தனையும் ஒன்றாக எழுந்தன. ஒன்றாக இறங்கின.