முந்நூறு டிக்கெட்

வெள்ளிக்கிழமை, காலை 8.10.

தோட்ட ஆபீசின் இரும்பு அலமாரியைத் திறந்த கணக்கெழுதும் பெரிய கிராணி ராமகிருஷ்ணன், உள்ளே விட்ட கையை வெளியே எடுக்காமல் நின்றார். ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த ஹாக்கி இறுதி ஆட்டத்தின் முந்நூறு டிக்கெட்டுகளும் காணவில்லை. பூட்டு உடையவில்லை. ஜன்னல் கம்பி வளையவில்லை. ஆபீஸ் கதவைக் காவல்காரர் சன்னாசிதான் சற்று முன்பு திறந்துவிட்டிருந்தார்.

1943ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். மலாயாவில் ரந்தாவை ஒட்டிய ரப்பர்த் தோட்டம். ஜப்பானியர் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கடிகாரங்கள்கூடத் தோக்கியோ நேரத்தைத்தான் காட்டின. எட்டு மணி என்பது பொழுது புலர்கிற நேரம். சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்ற பேச்சை நம்பிப் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அதன் பிறகு யாரும் பெயர் கொடுக்கவில்லை.

மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிற்றை ஏமாற்றிக்கொண்டிருந்த காலத்தில் ஹாக்கி எதற்கு என்று கேட்பவர்கள் ஹாக்கிப் பைத்தியங்களைப் பார்த்ததில்லை. கொய்யாக் கட்டையை நெருப்பில் காட்டி வளைத்த மட்டை. ஒட்டுப்பாலை உருட்டிக் கான்வாஸ் தைத்த பந்து. எட்டுத் தோட்டங்கள் இரண்டு மாதம் மோதி, கடைசியில் இந்தத் தோட்டமும் பெடாஸ் பக்கத்துத் தோட்டமும் மிஞ்சியிருந்தன. லயத்து வாசலில் வேறு பேச்சே கிடையாது. பெடாஸ் கோல்கீப்பருக்கு இடது பக்கம் பந்து வந்தால் கண் தெரியாது என்றார் ஒருவர். போன ஆட்டத்தில் இடது பக்கம் வந்த நாலு பந்தையும் அவன்தானே பிடித்தான் என்றார் இன்னொருவர். டிக்கெட் விற்கும் பொறுப்பு, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் அர்ச்சுனனுக்கு. யார் யாருக்கு எடுத்து வைப்பது என்று அவர் ஒரு வாரமாக எல்லோரிடமும் உறவு கொண்டாடிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கூடத் தடை இருந்த நாளில் அனுமதி கிடைத்ததே அதிசயம். சிரம்பானிலிருந்த ஜப்பானிய அதிகாரி தானாகவே சிவப்பு முத்திரை குத்திய டிக்கெட்டுகளை அனுப்பிவைத்தார். விலை பேருக்குத்தான். டிக்கெட்டோடு திடலுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சுண்டு அளவு அரிசி என்றும் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை: பதினாறு வயதிலிருந்து நாற்பத்தைந்து வரையுள்ள ஆண்களுக்கு மட்டும். பெண்களும் கிழவர்களும் முணுமுணுத்தார்கள். அரிசி என்ற சொல்லுக்கு முன்னால் அந்த முணுமுணுப்பு எடுபடவில்லை.

காலை 8.40.

துரை பங்களாவில் தங்கியிருந்த ஜப்பானியச் சிப்பாய்களும் அவர்களுடைய மொழிபெயர்ப்பாளரும் வந்தார்கள். ஒரு சிப்பாய் முதல் வேலையாகச் சன்னாசியைக் கன்னத்தில் அறைந்தான். திங்கட்கிழமை காலைக்குள் டிக்கெட் கிடைக்காவிட்டால் சன்னாசி சிரம்பானுக்குப் போக வேண்டும் என்றார் மொழிபெயர்ப்பாளர். டிக்கெட் இல்லாமல் ஆட்டமும் கிடையாது. சிரம்பானுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சன்னாசியை ரப்பர் உலர்த்தும் புகைவீட்டில் அடைத்தார்கள்.

அவருடைய மனைவி ராக்கம்மா நேரே தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே டிரசர் திருநாவுக்கரசு புண்களுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தார். மலேரியாவுக்கான கொய்னா மாத்திரை திருடியவனை நகக் கண்ணைப் பார்த்தே பிடித்தவர் அவர். எதையும் தோண்டிக் கண்டுபிடிப்பதில் அவருக்கு ஒரு ருசி. அதை நாலு பேர் முன்னால் விளக்கிச் சொல்வதில் இன்னும் கூடுதல் ருசி. ஆட்டம் நின்றுவிடக் கூடாதே என்ற தவிப்பும் அன்று அவருக்கு இருந்தது. கைகளைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்.

காலை 9.30.

"அலமாரிச் சாவி எங்க இருக்கும்?" ஆபீசில் டிரசர் கேட்டார்.

"இடுப்புலதான். குளிக்கப் போறப்ப மட்டும் ஆணியில மாட்டுவேன்" என்றார் ராமகிருஷ்ணன்.

"டிக்கெட்ட கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"நேத்து சாயங்காலம். பூட்டுறப்ப இருந்துச்சி."

இந்தக் கோப்பைப் போட்டியைப் போருக்கு முன்பு தொடங்கி வைத்தவரே கிராணிதான். இறுதி ஆட்டத்துக்காகத் தன் வேட்டியைக் கிழித்துக் கொடி தைத்தவர். அவர் முகம் கறுத்துப்போயிருந்ததை எல்லோரும் ஆட்டம் போன துக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அலமாரிப் பூட்டின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விபூதி, என்றார் அர்ச்சுனன். கிராணி நெற்றியில் எப்போதும் மூன்று பட்டை உண்டு, சன்னாசிக்கும் உண்டு. டிரசர் அதை விரலில் தொட்டு மெல்லத் தேய்த்துப் பார்த்தார். விபூதி விரலில் நறநறக்கும். இது வழுக்கியது.

புகைவீட்டில் சன்னாசி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபது வருடம் ஸ்டோரில் ரப்பர் கட்டுப் போட்டவர். முதுகு ஒடிந்துபோன பிறகுதான் துரை அவரைக் காவலுக்கு மாற்றினார்.

"நேத்து எப்பவாச்சும் ஆபீச விட்டுப் போனீங்களா?"

"சாயங்காலம் சாப்பிடப் போனேங்கய்யா. கிராணியாருதான், நான் இருக்கேன், போய்ட்டு வான்னாரு. திரும்பி வர்றப்ப அவரு கதவப் பூட்டிக்கிட்டு இருந்தாரு."

"ஸ்டோர் சாவி?"

"அதுவும் ஆபீசுலதான்யா தொங்கும். ஸ்டோர்ல இப்ப யாருக்கு என்னா வேலை லா. கப்பலே இல்லையே."

சனிக்கிழமை, காலை 9.00.

கப்பல் நின்றுபோனதிலிருந்து ரப்பர்க் கட்டுகள் ஸ்டோரில் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. கட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மேலே வெள்ளைப் பவுடர் பூசுவது வழக்கம். ஒன்றரை வருடத்து ஈரத்தில் அந்தப் பூச்சு மஞ்சளித்து இறுகியிருந்தது. பின் வரிசையில் ஒரே ஒரு கட்டு மட்டும் புத்தம்புது வெள்ளையாக இருந்தது. டிரசர் ஊதிப் பார்த்தார். பவுடர் பறந்தது.

மேல் ஷீட்டைத் தூக்கியதும் உள்ளே எண்ணெய்த் துணியில் பத்திரமாகச் சுற்றிய முந்நூறு டிக்கெட்டுகள் இருந்தன. ஒன்றுகூடக் கசங்கவில்லை.

மூலையில் ஒரு பழைய டின்னும் அதன் மேல் ஒரு தூரிகையும் இருந்தன. டின்னின் மூடி துருவேறி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் டிரசருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை காலை வரை இரண்டு நாள் கையில் இருந்தது. நேரே கிராணி வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டிருக்கலாம். அவர் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் கூட்டச் சொன்னார்.

காலை 10.30.

மொழிபெயர்ப்பாளருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். இரண்டு சிப்பாய்கள் சன்னாசியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். டிரசர் டிக்கெட் கட்டைத் தூக்கிக் காட்டியதும் களமே ஆரவாரித்தது. அது அடங்கும் வரை காத்திருந்துவிட்டுத் தொடங்கினார்.

"பூட்டுல இருந்தது விபூதி இல்ல. ரப்பர் கட்டுக்குப் பூசுற பவுடர். எடுத்தவரு மொதல்ல ஸ்டோர்ல ஒரு கட்டப் பிரிச்சி எடம் பண்ணிட்டு, அதே கையோட வந்து அலமாரியத் தொறந்திருக்காரு. ஸ்டோர்னதும் எல்லாரும் சன்னாசியத்தான் நெனப்பீங்க. ஆனா ஸ்டோர்ல வேலை செஞ்சவன் எவனும் பவுடர வெறுங்கையில தூவ மாட்டான். ரப்பரக் கரைச்ச மண்ணெண்ணெயில கொழைச்சித் தூரிகையால பூசுவான். அந்தக் கட்டுல தூவித்தான் இருக்கு."

இந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் எங்கே கிடைக்கும் என்று அர்ச்சுனன் கேட்டார். பழைய டின்னில் அரை டின் கரைசல் மிச்சம் இருக்கிறது, ஸ்டோர்க்காரனாக இருந்தால் கை தானாக அதைத்தான் தேடியிருக்கும், அந்த மூடியை யாரும் தொடவே இல்லை என்றார் டிரசர்.

"கட்டுக்குப் பவுடர் போடணும்னு தெரிஞ்சவரு. எப்படிப் போடணும்னு தெரியாதவரு. மாசா மாசம் இத்தன ராத்தல் பவுடர்னு பேப்பர்ல எழுதினவரு. சன்னாசியச் சாப்பிட அனுப்பிட்டு ஆபீசுல தனியா இருந்தவரு. கிராணியாரே, நீங்கதான்."

ராமகிருஷ்ணன் முதலில் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். பிறகு சன்னாசியைப் பார்த்தார். ஆமாம், கூடுதல் விலைக்கு விற்கலாம் என்று தான்தான் எடுத்ததாக உரக்கச் சொன்னார். கூட்டத்தில் யாரோ காறித் துப்பினார்கள். சிப்பாய்கள் கைகளைக் கட்டும்போது அவர் டிரசர் பக்கம் திரும்பி, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"திங்கக்கிழம வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா, டிரசர்?"

திருடன் கெஞ்சுகிறான் என்றுதான் டிரசர் நினைத்தார். வெட்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: அந்த நேரத்தில் அவருக்குப் பெருமையாகவே இருந்தது.

பிற்பகலுக்குள் முந்நூறு டிக்கெட்டும் தீர்ந்தன. விடுதலையான சந்தோஷத்தில் நின்ற சன்னாசிக்கு டிரசர் தன் கைக்காசில் ஒன்று வாங்கிக் கொடுத்தார். சன்னாசிக்கு வயது நாற்பத்து நான்கு.

ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.40.

இடைவேளை. அணிக்கு ஒரு கோல் போட்டிருந்தார்கள். எல்லோரும் அரிசிக்காக வரிசையில் நின்றபோது திடலின் நான்கு பக்கமும் லாரிகள் வந்து நின்றன. அரிசி வரவில்லை. துப்பாக்கிச் சிப்பாய்கள் இறங்கி டிக்கெட் வைத்திருந்தவர்களை ஏற்றினார்கள். மட்டையோடு நின்ற ஆட்டக்காரர்களையும் ஏற்றினார்கள். அர்ச்சுனன், தான் மண்டோர் என்று சொல்லிப் பார்த்தார். அவரையும் ஏற்றினார்கள்.

கையில் ஆஸ்பத்திரிப் பட்டை கட்டியிருந்ததால் டிரசரை விட்டுவிட்டார்கள். அவர் மொழிபெயர்ப்பாளரிடம் ஓடி, சன்னாசிக்கு முதுகு சரியில்லை, பாரம் தூக்க முடியாது, மருத்துவச் சீட்டு இப்போதே எழுதித் தருகிறேன் என்று கெஞ்சினார்.

"அந்தாளு கையில டிக்கெட் இருக்குதே" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

திங்கட்கிழமை, காலை 9.00.

கிராணியைச் சிரம்பானுக்குக் கொண்டுபோய்விட்டதால் ஆபீசைப் பார்த்துக்கொள்ளும்படி டிரசருக்கு உத்தரவு வந்தது. ஆட்களின் பேர்ப் புத்தகத்தின் அட்டைக்குள் சிரம்பான் அதிகாரியின் கடிதம் ஒன்று மடித்துச் செருகியிருந்தது. வியாழக்கிழமைத் தேதி. ஞாயிறு மாலை சயாமுக்கு ஆள் ஏற்ற லாரிகள் வரும். செய்தி வெளியே போனால் கிராணியின் குடும்பம் பொறுப்பு என்று இருந்தது. கூடவே இரண்டு தோட்டங்களிலும் பதினாறிலிருந்து நாற்பத்தைந்து வயதுள்ள ஆண்களின் கணக்கு. அடியில் கூட்டுத்தொகை: முந்நூறு.

அன்று டிரசர் பவுடரைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். ஹாக்கி பார்க்க வயசு எதற்கு என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. விற்க நினைப்பவன் டிக்கெட்டை ரப்பருக்குள் வைத்து மூடுவானா? ஒழிக்க நினைத்திருந்தால் ஒரு தீக்குச்சி போதாதா? எண்ணெய்த் துணியில் சுற்றிக் கசங்காமல் வைத்தது, ஆட்டத் தேதி தாண்டிய மறுநாள் காலையில் கண்டெடுத்ததாகக் காட்டிச் சன்னாசியை மீட்பதற்குத்தான். ராமகிருஷ்ணன் எல்லாவற்றையும் யோசித்திருந்தார். டிரசரை மட்டும் யோசிக்கவில்லை.

வாசலில் ராக்கம்மா நின்றுகொண்டிருந்தாள். அவரைத் திட்ட வரவில்லை. சயாம் எத்தனை நாள் பயணம், புருஷனுக்கு முதுகுத் தைலம் அனுப்ப வழி இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்திருந்தாள். டிரசர் கையிலிருந்த கடிதத்தை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டினார். அவள் முழுவதையும் நின்றபடியே கேட்டாள்.

"அன்னைக்கு ஸ்டோர்ல டிக்கெட்டப் பார்த்தப்ப, கிராணியார இது ஏன்னு ஒரு வார்த்த கேட்டீங்களாய்யா?"

"இல்லம்மா" என்றார் டிரசர். "கேக்கல."