மின்தடை நாளில் வாங்கிய ப்ரீஆம்ப்

பொன்னமராவதியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி பதினொன்று. கடைகளில் ஒரு விளக்குகூட எரியவில்லை. மாதாந்திரப் பராமரிப்பாம்; மாலை ஐந்து வரை மின்சாரம் கிடையாது. முதுகில் கிடாரோடு கீரனூரிலிருந்து பஸ் மாறி வந்திருந்தேன். கிளம்பும் முன் ஒரு வார்த்தை விசாரிக்காத என் மேலேயே எரிச்சலாக வந்தது.

எட்டு மாதமாக ஒரு பழைய வால்வு ப்ரீஆம்ப் தேடிக்கொண்டிருந்தேன். கிடாரின் மெலிந்த ஒலியைக் கண்ணாடி வால்வுகளுக்குள் வாங்கி, கனமும் சூடும் ஏற்றித் தரும் பெட்டி. ஒலிக்கருவிகளை அடுக்கியிருக்கும் என் ரேக்கில் அதற்கான இடம் மட்டும் காலி. இணையத்தில் சொன்ன விலைகளுக்கு என் மருந்துக்கடைச் சம்பளம் எந்த மூலைக்கு?

சனிக்கிழமை திருச்சியில் ஒலிப்பதிவு. போன முறை என் வாசிப்பைக் கேட்டுவிட்டு எங்கள் குழுவின் பிராங்க்ளின், யாரோ வாசித்தது போல இருக்கிறது என்றான். இந்த முறையும் அப்படியென்றால் என் இடத்தில் சரவணக்குமாரைக் கிடார் வாசிக்க வைத்து எடுத்துவிடுவானாம். சரியான பெட்டி இல்லாததுதான் காரணம் என்று சொல்லிவிட்டு வந்தேன். குறை என் விரல்களில் இல்லை என்று எனக்கே நிரூபிக்க வேண்டியிருந்தது.

அப்படியொரு பெட்டியை விற்பதாகச் சொன்ன செல்வராணி அக்கா பின்னறையைத் திறந்துவிட்டார். அவர் கணவர் குழந்தைசாமி மைக்செட் வைத்திருந்தவர், கச்சேரிகளில் கிடாரும் வாசித்தவர். இறந்து ஆறு வருடம்.

"கரண்ட் இல்லாம எப்டிக்கா டெஸ்ட் பண்றது?"

"அஞ்சு மணிக்கு வந்துரும். இருந்து பாத்துட்டுப் போங்களேன்."

எனக்கு மூன்று மணிக்கு டூட்டி. அவர் டீ போடப் போனார்.

அறையில் சூடேறிய தூசியின் வாசனை. பெட்டியின் பிளக் ஒயர் தரையில் சுருண்டு கிடந்தது. கிடார் ஒயரின் முனையாவது பொருந்துகிறதா பார்ப்போம் என்று ஒரு பக்கம் கிடாரையும், மறுபக்கம் நான் கொண்டுபோயிருந்த பேட்டரி ஸ்பீக்கரையும் செருகினேன். பழக்கதோஷத்தில் சுவிட்சைத் தட்டினேன்.

வால்வுகள் மெல்லச் சிவந்தன.

கரண்ட் வந்துவிட்டது என்று நிமிர்ந்தேன்.

மின்விசிறி சுற்றவில்லை.

பிளக் என் காலடியிலேயே கிடந்தது.

என் விரல் தந்தியை நோக்கிப் போனது. தொடுவதற்கு முன்பே சுரம் ஒலித்தது. கையை எடுத்தேன். அடுத்த சுரம் வந்தது. அதற்கடுத்ததும். சனிக்கிழமை நான் வாசிக்க வேண்டிய பாட்டு. நான் எப்போதும் தடுக்கி விழும் இடத்தில் அதுவும் தடுக்கியது.

ஓடியிருக்கலாம். என் கால்கள் அதைத்தான் கேட்டன. ஆனால் எட்டு மாதமாக என் மண்டைக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த ஒலி அது. அதை விட்டுவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறுவதை நினைத்தபோதுதான் எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

சுவிட்சை அணைத்தேன். திரும்பினால், வாசற்படியில் டீத் தம்ளரோடு செல்வராணி அக்கா. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"மூணு பேரு வாங்கிட்டுப் போயி திருப்பிக் கொண்டாந்துட்டாங்க," என்றார், குரலை ஒடுக்கி. "ஏன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்கல. குடுத்த காசக்கூடக் கேக்கல."

"நான் கொண்டாரமாட்டேங்க்கா."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நிம்மதி இல்லை. பரிதாபம்தான் இருந்தது. விலையைப் பாதியாக்கினார்.

பஸ்ஸில் அந்தப் பெட்டி வழிநெடுக என் மடியைச் சுட்டது.

சனிக்கிழமை, ஸ்டூடியோவின் கண்ணாடி அறைக்குள் நான் மட்டும். ப்ரீஆம்பை ரேக்கில் பொருத்தி, ஸ்டூடியோ ஒயரை இணைத்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். கண்ணாடிக்கு அப்பால் பிராங்க்ளின் குனிந்து பட்டன்களைத் திருகிக்கொண்டிருந்தான். ஒலியளவு பார்க்க ஒருதரம் பாட்டை ஓட்டுவதாகச் சொன்னான். பாட்டு ஓடி முடிந்தது.

பிறகு ஹெட்ஃபோனில் அவன் குரல் தழுதழுத்தது.

"பிரியா, இப்பத்தான் நீ வாசிக்கிற மாதிரி இருக்கு. இதையே வச்சுக்கிறேன். இன்னொரு தடவ வேணாம்."

நான் இன்னும் கிடாரை உறையிலிருந்து வெளியே எடுத்திருக்கவில்லை.