இடது பக்கத்து அம்புக்குறி

டாக்டர் வந்தது ஊசியம்மாவுக்குக் கேட்கவில்லை. அதுதான் முதல் கோளாறு.

வார்டில் யார் தும்மினாலும் எந்தக் கட்டில் என்று சொல்லக்கூடியவள் அவள். முப்பது வருடம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே தெருவில் யார் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்று துப்புத் துலக்கிய காது அது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த இரண்டே நாளில், ஏழாம் கட்டில்காரருக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதும், டாக்டரின் வலது ஷூ நடக்கும்போது கீச்சிடும் என்பதும் அவளுக்கு அத்துப்படி.

அது பார்வையாளர் நேரம். மற்ற கட்டில்களைச் சுற்றி உறவுக் கூட்டம். ஆரஞ்சு உரிக்கிற வாசனை, பிளாஸ்க் மூடி திருகும் சத்தம், அடக்கி வைத்த சிரிப்பு. அவள் கட்டிலுக்கு வந்துபோனது மின்விசிறியின் நிழல் ஒன்றுதான். எல்லோரும் பரிதாபமாகப் பார்ப்பது பிடிக்காமல் பச்சைத் திரையை அவளே இழுத்து மூடிக்கொண்டாள். திரும்பினால், திரைக்கு உள்ளே அவர் நின்றுகொண்டிருக்கிறார். தொப்பி, முகமூடி, கையில் பேனா.

"வாங்க டாக்டர்! சத்தமே இல்லாம வந்துட்டீங்க. ஷூவுக்கு எண்ணெய் போட்டீங்களா?"

அவர் குனிந்தார். நாள்பட்ட பூச்சாடித் தண்ணீரின் வாடை வந்தது. இடுப்பில் பேனா முனை ஈரமாக, சில்லென்று ஊர்ந்து, ஒரு அம்புக்குறி போட்டது.

இடது பக்கம்.

நாளை ஆபரேஷனில் எடுக்கவேண்டிய, கெட்டுப்போன சிறுநீரகம் வலது. "இடது ஒண்ணுதாம்மா இனிமே உங்களைக் காப்பாத்தணும்" என்று ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொன்னதே டாக்டர்தான்.

கேட்க வாய் திறந்தாள். மூடிக்கொண்டாள். "அளவு சரிதானே?" என்று இரண்டாம் தடவை கேட்டவர்களை அவள் என்ன பாடு படுத்தியிருக்கிறாள்! நம்பிக்கை இல்லையென்றால் துணியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டு என்று வாசல்வரை துரத்தியவள். "எங்க டாக்டர் மாதிரி வருமா" என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டவளும் அவளே. போதாதற்குத் தையல்கார மூளை ஒரு சமாதானமும் கண்டுபிடித்துக் கொடுத்தது. துணியில் உள்பக்கம்தானே கோடு போடுவோம், திருப்பினால் இடது வலதாகிவிடுமே. ஆளையும் திருப்பித்தான் படுக்கவைப்பார்கள். அவருக்குத் தெரியாததா?

நிமிர்ந்து பார்த்தாள். திரை அசையவேயில்லை. உள்ளே அவர் இல்லை.

விடிந்தும் அந்த இடம் சில்லென்றே இருந்தது. நர்ஸ் ஒரு தாளோடு வந்தாள்.

"மார்க் போட்டாச்சாம்மா?"

"ஆச்சு. டாக்டரே நேத்து சாயங்காலம் போட்டுட்டார்."

"சாயங்காலமா? அவர் மதியமே வீட்டுக்குக் கிளம்பிட்டாரே."

"அப்ப நான் என்ன பொய்யா சொல்றேன்? என் கண்ணு முன்னாடி போட்டது."

"சரி சரி, கோவிச்சுக்காதீங்க." நர்ஸ் டிக் அடித்தாள். "கூட யாரும் வரலையா?"

"எதுக்கு? அதான் டாக்டர் இருக்காரே."

தள்ளுவண்டி நகர்ந்தது. கூரையில் குழல்விளக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேலே கடந்துபோயின. மதியமே கிளம்பிவிட்டார். திரும்பி வந்திருப்பார். வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பில் கை வைத்தது யார்?

அறைக்குள் நரம்பில் ஊசி ஏறியது. கால் போயிற்று. கை போயிற்று. நாக்கு போயிற்று. காது மட்டும் தூங்க மறுத்தது. கண்களில் பிளாஸ்திரி ஒட்டினார்கள். ஒன்று சரியாக ஒட்டவில்லை.

கீச். கீச். டாக்டர் வந்துவிட்டார்.

"யார் மார்க் போட்டது? நான் போட்ட மாதிரி ஞாபகம் இல்லையே."

"நீங்கதான்னு இந்தம்மா அடிச்சுச் சொல்றாங்க, டாக்டர். தாள்லயும் டிக் ஆயிருக்கு."

"அப்படியா? இவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். விவரமான அம்மா. திருப்புங்க."

திருப்பினார்கள். மேசையில் வலது இடுப்பு அழுந்தியது. வலது கீழே. இடது மேலே.

இல்லை. டாக்டர், இந்தப் பக்கம் இல்லை. ஒரு விரல். ஒரே ஒரு விரல் அசைந்தால் போதும்.

அசையவில்லை.

பிளாஸ்திரி இடுக்கில் பெரிய விளக்கின் எஃகு விளிம்பு தெரிந்தது. அதில் டாக்டர். நர்ஸ். மயக்க மருந்து கொடுத்தவர். அப்புறம் இன்னொருவர். டாக்டரின் முதுகோடு ஒட்டி நிற்கிறார். முகமூடிக்கு மேலே, கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தோல்.

"இன்னைக்கு என்னமோ கை தானா ஓடுது, சிஸ்டர்," என்று டாக்டர் சிரித்தார்.

கத்தியைப் பிடித்த அவர் கையின் மேல், உறை போடாத, ஈரமான இன்னொரு கை படிந்திருந்தது. குழந்தைக்கு எழுதப் பழக்குவது போல, பொறுமையாக, அது கத்தியைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது.