கொக்கியில் இரண்டு சுற்று

வந்தவள் உட்காரவில்லை. நாற்காலியைக் காட்டியும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சர்வேயர் அவசரப்படுத்தவில்லை. மோதிக்கொண்ட வண்டிகளைப் பார்த்து யார் மேல் தப்பு என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குச் சொல்வது அவர் தொழில். கோபத்தோடு வருகிறவர்கள் அவருக்குப் புதிதல்ல. அவருடைய மச்சினன்தான் பேனாவும் கையுமாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். வேறு வேலை கிடைக்கும்வரை மாமாவுக்கு ஒத்தாசை என்று வந்தவன். அந்த வேறு வேலையைத் தேடுவதை நிறுத்தி நாளாகிவிட்டது.

அவள் டயாலிசிஸ் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் மின்சார வேனை ஓட்டுகிறாள். நேற்று மதியம் மேம்பாலத்துக்கு அருகே இருக்கும் பொது சார்ஜிங் ஸ்டேஷனில் வேனைச் சார்ஜில் போட்டுவிட்டு, வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். அங்கே காவலுக்கும் உதவிக்கும் இருப்பவன் அவளுடைய சொந்தத் தம்பிதான். சாப்பிடும்போது நல்ல மழை. விட்டதும் ஓடி வந்து பார்த்தால் சார்ஜ் கால்வாசியிலேயே நின்றிருக்கிறது. திரை இருண்டு கிடக்கிறது. தம்பியைக் காணவில்லை. மறுபடி சார்ஜ் போட நேரமில்லை. ஏற்கெனவே ஒரு டயாலிசிஸைத் தவறவிட்ட ஓவிய வாத்தியார் ஒருவர் தன் வீட்டு வாசலில் காத்திருந்தார். இருப்பது போதும் என்று நம்பிக் கிளம்பினாள். அவரை ஏற்றிக்கொண்டு போகையில் ஆற்றுப் பாலத்து நெரிசலில் வேன் செத்துப்போனது. வேறு வண்டி வந்து சேர்வதற்குள் வாத்தியாருக்கு நினைவு தப்பிவிட்டது. இப்போது தீவிர சிகிச்சையில் இருக்கிறார்.

யாரோ அவசரச் சிவப்புப் பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள் என்று ஸ்டேஷனை நடத்தும் கம்பெனி கண்டுபிடித்தது. அதை அமுக்கினால் ஸ்டேஷன் மொத்தமும் நின்றுவிடும். பொத்தான் இருப்பது தம்பியின் ஸ்டூலுக்குப் பக்கத்தில். அன்று காலையில் வரிசைச் சண்டையில் டிரைவர்கள் படுத்திய பாட்டில், எல்லாவற்றையும் அணைத்துவிடுவேன் என்று அவன் கத்தியும் இருக்கிறான். மாலைக்குள் போலீஸில் புகார் கொடுக்கப் போகிறார்கள்.

"உங்க தம்பி என்ன சொல்றார்?" என்றார் சர்வேயர்.

"எதிர்ல இருக்கிற காம்ப்ளெக்ஸுக்கு பாத்ரூம் போனானாம். மழையில மாட்டிக்கிட்டானாம். அத்தனை செலவு பண்ணி ஸ்டேஷன் கட்டினவங்களுக்கு, காவலுக்கு நிக்கிறவனும் மனுஷன்னு தோணல சார்."

நாற்காலி முதுகைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள்.

"நான் கிளம்பறப்போ அவன் நனைஞ்ச சட்டையோட ஓடி வந்தான், எல்லார் முன்னாடியும் அறைஞ்சிட்டேன். கூடப் பொறந்த அக்காவே அறைஞ்சாளே, வேற என்ன சாட்சி வேணும்னு அவங்க மேனேஜர் இப்போ கேக்கறார். ராத்திரி பூரா அவன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அவன் செய்யல சார்."

கம்பெனிக்கு அனுப்பிச் சண்டை போடுவதற்காக, கிளம்பும் முன் போனில் ஒரு படம் எடுத்திருந்தாள். சர்வேயர் அதை வெகுநேரம் பார்த்தார். வேன் நிற்கிறது. சார்ஜரின் கன், அதாவது கைப்பிடி வைத்த செருகு முனை, வேனில் செருகியபடியே இருக்கிறது. அதன் தடித்த கேபிள் கம்பத்துக் கொக்கியில் இரண்டு சுற்று சுற்றி, தரையில் படாமல் தொங்குகிறது. சுற்றிலும் தரை நனைந்து மினுங்க, பக்கத்துக் காலி இடத்தில் மட்டும் நீண்ட அகலமான ஒரு திட்டு வெளுத்துக் காய்ந்திருக்கிறது.

"செருகிட்டுப் போனப்போ கேபிள் எப்படி இருந்துச்சு?"

"தரையில கிடந்துச்சு. எப்பவும் அப்படித்தான் சார்."

ஸ்டேஷனில் மச்சினன் வேலையைத் தொடங்கிவிட்டான். காலையில் சண்டை போட்ட பார்சல் ஆட்டோக்காரர் தற்செயலாக அங்கேயே நின்றிருந்தார். வேகமாக ஏற்றும் ஒரே கன்னையும் வேன் பிடித்துக்கொண்டால் ஏழைபாழைகள் எங்கே போவது என்று அவர் நேற்றைய சண்டையை இன்றும் தொடர்ந்தார். மழைக்கு முன்பே கிளம்பிவிட்டேன் என்றார். கம்பெனிக் காருக்கு மட்டும் சார்ஜ் தொடங்கக் காட்டும் அட்டையும் வேண்டாம், வரிசையும் வேண்டாம், செருகினால் ஓடும், கணக்கிலும் ஏறாது என்று காறித் துப்பினார். இவர்தான் ஆள் என்று மச்சினன் மாமாவின் காதில் கிசுகிசுத்தான். கேமரா பெயருக்கு ஒன்று தொங்கியது. அதன் வயர் எங்கும் போய்ச் சேரவில்லை.

கம்பெனி சூப்பர்வைசர் இஸ்திரி கலையாத சட்டையோடு வந்தார். வாய்க்கு வாய் விதிமுறை. கேபிளைத் தரையில் போடக் கூடாது, இரண்டு சுற்று கொக்கியில் மாட்ட வேண்டும் என்ற அறிவிப்புப் பலகையே அவர் எழுதியதுதானாம். இந்தத் தம்பி அதை ஒருநாளும் செய்ததில்லை, எத்தனையோ தடவை எச்சரித்தாகிவிட்டது, இப்படிப்பட்டவன் எதைத்தான் செய்யமாட்டான் என்றார். நேற்று மதியம் தாம் ஆபீஸிலேயே இருந்ததாகவும், அந்த நேரத்தில் வேறு எந்த வண்டியும் சார்ஜ் ஏற்றியதாகக் கணக்கில் இல்லை என்றும் சொன்னார். தம்பி ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் விரல் தடம் மறைந்திருந்தது, ஆனால் அக்கா பக்கம் அவன் திரும்பவில்லை.

மாலையில் மேனேஜர் புகாரோடு வந்தார். போகிற வழியில் ஒரு நிமிஷம் என்று சர்வேயர்தான் போனில் கேட்டிருந்தார். அவர் வந்ததும் சர்வேயர் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். நேற்று போலவே வேனை நிறுத்தச் சொல்லி, ஒவ்வொருவராகக் கன்னைச் செருகிக் காட்டும்படி கேட்டார். பொத்தானை எட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஆட்டோக்காரர் செருகிவிட்டுக் கேபிளைக் காலால் ஒதுக்கினார். தம்பி செருகினான். கேபிள் அவன் காலடியில் பொத்தென்று விழுந்தது. சூப்பர்வைசர் செருகினார். மேனேஜரோடு அவர் பேசிக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்குக் கேபிளைத் தூக்கிக் கொக்கியில் இரண்டு சுற்று சுற்றிவிட்டது.

"தொட்டில் பழக்கம்" என்றார் சர்வேயர். படத்தை மேனேஜரிடம் நீட்டினார். "இந்தம்மா தரையில போட்டுட்டுப் போன கேபிள், திரும்பி வர்றப்போ கொக்கியில இருக்கு. அப்படின்னா நடுவுல யாரோ கன்னைக் கழட்டி, மறுபடி செருகியிருக்காங்க. வெறும் கோவத்துல அணைச்சவனுக்கு இந்த வேலை எதுக்கு? சார்ஜ் ஏறறப்போ கன் வண்டியோட பூட்டிக்கும், அணைச்சா அந்தப் பூட்டு விட்டுடும். அவருக்குத் தேவைப்பட்டது கன்."

"அப்போ ஆட்டோக்காரர்…" என்று ஆரம்பித்தான் மச்சினன்.

"மாப்ளே, காய்ஞ்ச தரையைப் பாரு. மழை பெய்யறப்போ அங்க ஒரு வண்டி நின்னிருக்கு. மழை விட்டப்புறம்தான் போயிருக்கு. மூணு சக்கரம் நின்ன இடமா அது? முழு நீளக் கார். ஆனா கணக்குல அப்படி ஒரு கார் இல்லவே இல்ல. கணக்குல ஏறாத கார் இந்த ஊர்ல யாருகிட்ட இருக்கு?"

சர்வேயர் சாதாரணமாக மேனேஜரிடம், நேற்று மதியத்துக்கு மேல் எங்கே போனீர்கள் என்று கேட்டார்.

"புது ஸ்டேஷன் திறப்பு விழாவுக்கு" என்றார் மேனேஜர். "இவர்தான் கார்ல கூட்டிட்டுப் போனார். காலையில சார்ஜே இல்லைன்னு சொன்னார், அப்புறம் எப்படியோ…" அவர் திரும்பிச் சூப்பர்வைசரைப் பார்த்தார்.

நேற்று ஆபீஸ் சார்ஜர் பழுது என்பதும், ரிப்பன் வெட்ட நேரமாகிவிட்டது என்பதும், கொஞ்ச நேரம்தானே என்று நினைத்ததும் சூப்பர்வைசர் வாயிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஊருக்கெல்லாம் மின்சாரம் என்று பேனர் கட்டிய விழாவுக்கு, நோயாளியின் வேனிலிருந்து பிடுங்கிய மின்சாரத்தில் போய் இறங்கியிருக்கிறார்கள்.

"திரும்ப மாட்டிட்டேனே சார்" என்றார் சூப்பர்வைசர். "பொத்தானையும் சரி பண்ணிட்டேன்."

"மாட்டினீங்க. ஓட விடல. உங்க அட்டையைக் காட்டியிருந்தா வேன்ல சார்ஜ் ஏறியிருக்கும். உங்க பேரும் ஏறியிருக்கும். பேர் ஏறக்கூடாதுன்னுதான் அப்படியே விட்டுட்டுப் போனீங்க."

சர்வேயர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவர் முகம் சிவந்திருந்ததை மச்சினன் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவத்துக்குரியவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் கனிவாகிவிட்டார். வெளியே தெரிந்தால் கம்பெனி பெயர் கெடும், தம்பியின் வேலைக்கு ஒன்றும் ஆகாது, வேண்டுமானால் வேறு நல்ல ஸ்டேஷனுக்கே மாற்றித் தருகிறோம், இதை நமக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம் என்றார்.

அவள் அவரை முழுதாகப் பேசவிட்டாள்.

"என் தம்பின்னா போலீஸ். உங்க ஆள்னா நமக்குள்ளேயா?" என்றாள். "பெட்ல கிடக்கிறவரோட பொண்ணுக்கு இப்பவே போன் போடறேன். போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் அந்தப் பொண்ணும் போறோம். நீங்க வந்தா வாங்க, வராட்டி போங்க."

போட்டாள். நடந்ததையெல்லாம் அங்கேயே நின்று, சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வாத்தியார் இன்னும் கண் திறக்கவில்லை என்று பதில் வந்தது. போனை வைத்துவிட்டுத் தம்பியிடம் போனாள். வாடா, நீயும் வந்து நடந்ததைச் சொல்லு என்று கையைப் பிடித்தாள்.

அவன் கையை விடுவித்துக்கொண்டான்.

"அவங்க கேக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்க்கா" என்றான். "நீயாவது அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அவள் வேனின் முன்கதவைத் திறந்து பிடித்தாள். அவன் வேனின் முன்சீட்டில் ஏறாமல், பின்னால் நோயாளிகள் உட்காரும் இடத்தில் ஏறி உட்கார்ந்தான்.