யாரிடம் கேட்ட உத்தரவு

கட்டைகள் தரையில் விழுந்த சத்தம் முதலில் கேட்டது. அதன் பிறகுதான் தெயுவான் அவற்றைக் கையிலிருந்து விட்டான்.

அடுப்படியில் இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்த மான்லிங் கத்தியை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். கூடத்துத் தரையில் விரித்த பாயில் அவள் புருஷன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் கையடக்க விளையாட்டுப் பெட்டியின் திரை நீலமாக ஒளிர்ந்தது. முன்னால், கோயிலில் சாமியிடம் உத்தரவு கேட்கப் போடுகிற இரண்டு சிவப்புப் பிறைக்கட்டைகள் கிடந்தன. இரண்டுமே குவிந்த முதுகைக் காட்டிக் கவிழ்ந்திருந்தன. மறுப்பு.

"ஆ-யுவான், கேட்டுச்சா?"

"என்ன?"

"சத்தம். நீ போடுறதுக்கு முன்னாடியே கேட்டுச்சு."

"புயலடிக்குது ஆ-லிங். ஊரே டமடமன்னு கிடக்கு. உனக்கு இந்தச் சத்தம்தான் தனியாக் கேட்டுச்சாக்கும்?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. புயல் விடுமுறை விட்டுக் கீலுங் துறைமுக நகரமே கதவடைத்துக் கிடந்தது. மதியச் சாப்பாட்டு வேளைதான், ஆனால் ஜன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய நாடாவும் அவற்றுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் இரும்புக் கூண்டும் இருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் தின்றுவிட்டன. கரண்டு போனதும் குளிர்பதனப் பெட்டி, மின்விசிறி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கிவிட, வீட்டுக்குள் மழையின் இரைச்சலும் துருவின் வாடையும் மட்டும் மிஞ்சியிருந்தன.

அந்த விளையாட்டில் ஒரு தீவு உண்டு. மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் அங்கே தனியாக வந்து இறங்குவாள். அதற்கு மேல் அவளை வைத்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம். மீன் பிடிக்கலாம், மலையேறலாம், வீடு கட்டலாம், சும்மா கடலைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். அந்த 'என்ன வேண்டுமானாலும்'தான் தெயுவானுக்கு ஒத்துவரவில்லை. துறைமுகத்தில் எந்தச் சரக்குப் பெட்டியை எந்தக் கப்பலில் ஏற்றுவது என்று பார்க்கிற வேலை அவனுக்கு. "முடிவெடுத்து முடிவெடுத்து மூளை வெந்துபோச்சு. வீட்டுக்கு வந்தும் நானே முடிவெடுக்கணுமா?" என்று புலம்புவான். திரையில் அந்தப் பெண் எங்கே போவதென்று தெரியாமல் நின்றுகொண்டே இருப்பாள்.

முதலில் பகடை உருட்டிப் பார்த்தான். அது சோபாவுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொண்டது. ஒருநாள் கோயில் வாசல் கடையிலிருந்து பிறைக்கட்டைகளை வாங்கி வந்துவிட்டான். ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் உத்தரவு. இரண்டும் கவிழ்ந்தால் மறுப்பு. இரண்டும் மல்லாந்தால் சிரிப்பு. கேள்வியைக் கேட்டுச் சாமி சிரிக்கிறது என்று அர்த்தம்.

உண்மையைச் சொல்வதானால் அந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. வடக்கே போகலாமா என்று கேட்டால் மறுப்பு வரும். தெற்கே வெறும் பாறைக்குப் போகச் சொல்லும். போய்த் தோண்டினால் ஊற்று பொங்கும். இவர்களாக ஒருநாளும் போயிருக்க மாட்டாத இடங்கள். மான்லிங்கும் சோற்றுத் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "அவளை மரத்து மேல ஏறச் சொல்லலாமான்னு கேளு, கேளு" என்று குழந்தை மாதிரி அரித்திருக்கிறாள். அடுத்து என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்குமே தெரியாமல் இருந்ததுதான் அதன் ருசி.

தீவின் நடுவில் ஒரு குடிசை இருந்தது. அதற்குள் நுழைய உத்தரவு கிடைத்தது. வெளியே வரக் கிடைக்கவில்லை.

கதவைத் திறக்கலாமா? மறுப்பு. ஜன்னலை? மறுப்பு. விளக்கேற்றலாமா? அதற்கும் மறுப்பு. சில நாட்களாகவே மழைக்கோட்டுப் பெண் இருட்டுக் குடிசையில் சுவரைப் பார்த்து நிற்கிறாள். வேறு யாராக இருந்தாலும் கட்டைகளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கதவைத் திறந்திருப்பார்கள். தெயுவான் திறக்கவில்லை. வேலை விட்டு வந்ததும் கால் கழுவாமல் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

மான்லிங் இஞ்சியை அப்படியே விட்டுவிட்டு அவன் எதிரே வந்து அமர்ந்தாள்.

"இன்னொரு தடவை போடு."

அவன் கட்டைகளைக் குவித்த கைகளுக்குள் எடுத்து நெற்றிக்கு நேரே உயர்த்தினான். "இவ வெளிய வரலாமா?" என்று கேட்க வாய் திறந்தான். 'இவ' என்ற சொல் முடிவதற்குள்ளேயே சத்தம் வந்தது. மரம் தரையில் மோதி, ஒருமுறை எகிறி, சுழன்று அடங்குகிற சத்தம். கட்டைகள் இன்னும் அவன் கைக்குள் இருந்தன. பிறகு அவன் விட்டான். அவை விழுந்து, ஒருமுறை எகிறி, சுழன்று, அதே மாதிரி அடங்கின. மறுப்பு.

அவன் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவனுக்கும் கேட்டிருக்கிறது என்று அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எத்தனை நாளா இப்படி?"

"அது எதிரொலி."

"எதிரொலி முன்னாடியா வரும்?"

அவன் எழுந்து கழிப்பறைக்குப் போனான். கட்டைகள் பாயின் மேல் கிடந்தன. மான்லிங் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை அசையவில்லை. ஆனால் சத்தம் கேட்டது. இந்த முறை உள்ளறையிலிருந்து.

மழைக்காலத்தில் துணி காயப்போடுவதற்காக மட்டும் அவர்கள் வைத்திருந்த அறை அது. அவள் எழுந்துபோய் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். கொடியில் அவன் சட்டைகளும் அவள் பாவாடைகளும் ஈரம் போகாமல் தொங்கிக்கொண்டிருந்தன. காற்று எங்கிருந்தோ புகுந்து அவற்றின் ஓரங்களை மட்டும் மெல்லத் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டிருந்தது. ஈரத்துணி நெடிக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. அணைந்த ஊதுபத்தி. அந்த வீட்டில் சாமி மாடம் கிடையாது. ஊதுபத்தி ஏற்றியதே கிடையாது.

அவள் காலைப் பின்னுக்கு எடுத்து வைத்தாள். கதவைச் சாத்தினாள். அது சரியாகச் சேரவில்லை.

தெயுவான் திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவள் மெதுவாகக் கேட்டாள். "கோயில்ல போடும்போது பேரு, பொறந்த நாளு, வீட்டு விலாசம் எல்லாம் சொல்லுவோம். எந்தச் சாமிகிட்ட கேக்குறோம்னும் சொல்லுவோம். நீ சொன்னியா?"

"முதல் நாள் பேரும் விலாசமும் சொன்னேன். சும்மா விளையாட்டுக்கு."

"எந்தச் சாமின்னு?"

அவன் பெட்டியின் பொத்தான்களைத் தேவையில்லாமல் அழுத்தினான். "சொல்லலை. விளையாட்டுதானே ஆ-லிங். எந்தச் சாமிய இதுக்குப் போயி கூப்பிடுறது?"

"அப்ப இப்பக் கேளு. சாமிதானான்னு கேளு."

அவன் கேட்டான். சத்தம் உள்ளேயிருந்து வந்து வெகு நேரம் கழித்து அவன் போட்டான். இரண்டும் மல்லாந்தன. சிரிப்பு. திரும்பப் போட்டான். சிரிப்பு. உயரம் மாற்றிப் போட்டான், பாயை விட்டுக் கல் தரையில் போட்டான், இடது கையால் போட்டான். சிரிப்பு. சிரிப்பு. சிரிப்பு.

அப்போதுதான் விளையாட்டுப் பெட்டியில் மின்சாரம் தீர்ந்தது. சுவரைப் பார்த்து நின்ற பெண்ணோடு திரை அணைந்து கறுப்பானது. மான்லிங்குக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. "சரி, முடிஞ்சுது. வா, கஞ்சி குடிக்கலாம்" என்றாள்.

தெயுவான் கட்டைகளை எடுத்தான். "நான் எந்திரிக்கலாமா?" என்று கேட்டுப் போட்டான்.

மறுப்பு.

"ஆ-யுவான்."

"இரு. கொஞ்சம் இரு." மறுபடி போட்டான். மறுப்பு. அவன் எழுந்திருக்கவில்லை.

கஞ்சி ஆறி ஏடு படிந்தது. காற்று திசை மாறி, இரும்புக் கூண்டைப் பிடித்து உலுக்கியது. வீட்டுக்குப் பின்னாலிருந்த மலையிலிருந்து ஏதோ கனமான ஒன்று இடம் மாறிப் படுப்பது போல் ஒரு முனகல் வந்தது. சற்று நேரத்தில் வாசல் இரும்புக் கதவைக் கையால் பட்பட்டென்று தட்டினார்கள்.

"மான்லிங்! அடியே மான்லிங்! உள்ள என்னடி பண்றீங்க ரெண்டு பேரும்?"

கீழ் வீட்டு சாய் அக்கா. சந்தையில் மீன் உருண்டை சூப் விற்கிறவள். மான்லிங் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு நின்றிருந்தாள் சாய் அக்கா.

"மலை சரியுதாம்டி. பின்பக்கச் சுவர் வெடிச்சாச்சு. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போறோம். பையெல்லாம் தூக்காத, உசுரத் தூக்கிட்டு வா. எங்க உன் வீட்டுக்காரன்?" கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தாள். "என்ன தம்பி, சாமி கும்பிட இப்பத்தான் நேரம் கிடைச்சுதா?"

அவன் போட்டுக்கொண்டிருந்தான். சாய் அக்காவின் முகத்திலிருந்த கிண்டல் மெல்ல மறைந்தது. அவள் பார்வை அவனைத் தாண்டி உள்ளறைப் பக்கம் போயிற்று. அங்கேயே நின்றது.

"வீட்டுல விருந்தாளிங்களா?" என்றாள், குரல் இறங்கி.

"யாரும் இல்லையே அக்கா."

சாய் அக்கா உள்ளறையிலிருந்து கண்ணை எடுத்தாள். மான்லிங்கின் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்தாள். "சீக்கிரம் வா" என்று சொல்லிவிட்டுப் படிகளில் இறங்கிப் போனாள். போகப் போக ஓடினாள்.

மான்லிங் புருஷனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். அவன் வரவில்லை. ஒடிசலான ஆள்தான், ஆனால் தரையோடு ஆணி அடித்தது போல் கனத்தான்.

"எந்திரி. கேட்டியா இல்லையா அக்கா சொன்னத?"

"கேட்டேன். போகலாமான்னு கேட்டேன். வேணாங்குது."

"மரக்கட்டைடா அது!"

"தெரியும்." அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் நிறைய நீர். "எனக்குத் தெரியும் ஆ-லிங். எந்திரிக்க முடியலை."

அவள் கட்டைகளைப் பறித்தாள். அவை வெதுவெதுப்பாக இருந்தன, அவன் கையை விடப் பெரிய ஏதோ ஒரு கையில் நெடுநேரம் இருந்தவை போல. ஜன்னலைத் திறந்தாள். மழை முகத்தில் அறைந்தது. கூண்டுக் கம்பிகளுக்கு நடுவே ஒன்றை எறிந்தாள். அடுத்ததையும் எறிந்தாள். கீழே தெருவில் ஓடிய சேற்று வெள்ளம் இரண்டையும் உருட்டிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்தாள்.

"போச்சு. இனி யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்லை. வா."

தெயுவான் காலை நீட்டினான். ஆச்சரியமாகத் தன் முழங்காலைப் பார்த்தான். எழுந்தான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவன் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டி வந்தாள். ரப்பர் செருப்பை அவன் காலில் மாட்டிவிட்டாள். ஒரு கால். இன்னொரு கால்.

உள்ளறையில் கட்டைகள் விழுந்தன.

மரம் மோதி. ஒருமுறை எகிறி. சுழன்று. அடங்கி.

"விடு. பாக்காத."

அவன் பார்த்தான். அவள் கையிலிருந்து அவன் விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின. செருப்பைக் கழற்றி, எப்போதும் போல் சுவரோரம் ஜோடியாக வைத்தான். உள்ளே நடந்தான். உள்ளறை வாசலில், இருட்டைப் பார்த்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"ஆ-யுவான்."



மலை மறுபடி முனகியது. இந்த முறை தரை வழியாக. சுவரில் எங்கோ சுண்ணாம்பு உதிர்ந்தது. மான்லிங் காற்றில் சாத்திக்கொண்ட வாசல் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தாள். குளிர்ந்த இரும்பு. ஒரு இழுப்பு இழுத்தால் படி. படி இறங்கினால் தெரு. தெருவில் ஆட்கள். யாரையாவது கூட்டி வரலாம். நாலு பேர் சேர்ந்து தூக்கலாம்.

போகலாமா?

அவள் கேட்கவில்லை. வாய் திறக்கவேயில்லை. மனசுக்குள் அது தானாக வந்துவிட்டது.

உள்ளே கட்டைகள் விழுந்தன.

எப்படி விழுந்தன என்று அவள் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. அங்கே இருட்டு. தெயுவான் குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு அவள் பக்கம் திரும்பி, வருத்தமாக, இல்லை என்று தலையை ஆட்டினான்.

அவனுக்குப் பக்கத்தில், ஈரத்துணிகளுக்கு நடுவே, அவன் தோளுக்குச் சற்று மேலே, இன்னொரு தலையும் ஆடியது.