உள்ளே ஆள் இல்லை

சனிக்கிழமை காலை பத்து மணியாகியும் யாரும் ஐங்கரனைக் கூப்பிட்டுத் திட்டவில்லை.

ஜேர்மனியின் ஹனோவரில் டாக்டர்கள் மட்டும் இருக்கும் ஒரு கட்டிடத்துக்கு அவன் ஹவுஸ்மைஸ்ரர், கட்டிடத்தைப் பராமரிக்கும் ஆள். பின்பக்கத்துக் கார்த் தரிப்பிடம் நோயாளிகளுக்கு மட்டும். வேறு ஆட்கள் விட்டுப்போகும் கார்களைக் கிரேன் லொறியை வரவழைத்து அகற்றுவது அவன் பொறுப்பு. அறிவிப்புப் பலகையில் இருப்பது அவனுடைய நம்பர். கார் போன ஒரு மணித்தியாலத்துக்குள் போன் அடிக்கும். பன்றி என்பார்கள். உன் நாட்டுக்குப் போ என்பார்கள். சிலர் அழுவார்கள். மூன்று மாதத்தில் பதினேழு கார், பதினேழு போன்.

நேற்றுப் பின்னேரம் போன நீலக் காருக்கு மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

நேற்று ஐந்து மணிக்கே நன்றாக இருட்டியிருந்தது. மற்றக் கார்களின் கண்ணாடிகளில் வெளிப்பக்கம் உறைபனி படிந்திருக்க, அந்தப் பழைய நீலக் கார் மட்டும் உட்பக்கமாக ஆவி படிந்து மங்கிப்போய் நின்றது. பின் சீற்றில் கூரைவரை போர்வைகளும் மூட்டைகளும் குவிந்து கிடந்தன. கதவு இடுக்கில் ஈரக் கம்பளியும் இருமல் மருந்தும் கலந்த ஒரு மணம் வந்தது. டோர்ச் அடித்தான்; வெளிச்சம் கண்ணாடியில் பட்டு வெள்ளையாகத் திரும்பியது. தட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். குளிருக்குக் கையைப் பொக்கற்றுக்குள் விட்டிருந்தான். எடுக்கவில்லை. உள்ளே ஆளோ மிருகமோ இல்லை என்று படிவத்தில் புள்ளடி போட மட்டும் எடுத்தான்.

"அண்ணை, நானும் ஒருக்கா உள்ளுக்கை பாத்துத்தான் கையெழுத்து வைக்கோணும்," என்றான் லொறிக்கார ஜோன்சன், மன்னார்க்காரன்.

"ஏன், என்ரை கண்ணிலை நம்பிக்கை இல்லையோ?"

"சே, யாழ்ப்பாணத்தாரை நம்பித்தானே மன்னார்ச் சனம் இந்தளவுக்கு வந்தது." சிரித்துக்கொண்டே, உள்ளே பார்க்காமல் கையெழுத்து வைத்தான்.

கிரேன் தூக்கியபோது கார் ஒரு பக்கம் சரிந்தது. உள்ளே எதுவோ மெதுவாக உருண்டு மற்றப் பக்கக் கதவில் போய் மோதியது. பாரமான, மெத்தென்ற சத்தம். மூட்டையாக இருக்கும் என்று ஐங்கரன் நினைத்துக்கொண்டான்.

"என்ன, விடிஞ்சதிலை இருந்து போனையே பாத்துக்கொண்டிருக்கிறியள்?" மனைவி கஜந்தி தேத்தண்ணியை வைத்தாள்.

"ஒருத்தரும் கூப்பிடேல்லை."

"பேச்சு வாங்கேல்லை எண்டு கவலையோ? இருங்கோ, நான் பேசிறன்."

அவன் சிரிக்க முயன்றான். சொந்தக்காரர் ஊரில் இல்லாமல் இருக்கலாம். ஆஸ்பத்திரியில் இருக்கலாம். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தபோதுதான் மூன்றாவது காரணம் வந்தது. காரைக் காணவில்லை என்றால்தானே கூப்பிடுவார்கள். காருக்குள் இருப்பவருக்குக் கார் காணாமல் போகாது.

ஒரு போன் போதும். பொலிசுக்கோ, கிரேன் கம்பனியின் கந்தோருக்கோ. ஆனால் பொய்ப் படிவத்தில் இருப்பது அவன் கையெழுத்து. இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்து கிடைத்த வேலை. நிரந்தரமாக்க இன்னும் மூன்று மாதம் இருந்தது. பின்னேரம் பார்ப்போம் என்றான். பின்னேரம், காலையில் என்றான். அன்றிரவு குளிர் மைனஸ் பதினொன்றுக்கு இறங்கியது. போர்வையை நாடிவரை இழுத்துக்கொண்டு, தன் மூச்சு உள்ளே போய் வெளியே வரும் சத்தத்தை விடியும்வரை கேட்டுக்கொண்டு கிடந்தான்.

ஞாயிறு மத்தியானம் ஜோன்சனைக் கூப்பிட்டான்.

"அந்த நீலக் கார், ஜோன்சன்..."

ஜோன்சன் முடிக்க விடவில்லை. "வெளியிலை நில்லுங்கோ, வாறன்," என்றான்.

நகரத்துக்கு வெளியே, தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருந்தது கிரேன் கம்பனியின் தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் சுற்றிலும் ஆளரவம் இல்லை. ஜோன்சன் உருட்டுக் கதவை உயர்த்தியதும் ரயரும் பழைய எண்ணெயும் மணக்கும் காற்று, வெளியிலிருந்ததைவிடக் குளிராக, முகத்தில் வந்து அடித்தது. இழுத்து வந்த கார்களை நெருக்கி நெருக்கி அடுக்கியிருந்தார்கள். கடைசி மூலையில், ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் ஒரு வெள்ளை வானும் கைநுழைய இடமில்லாமல் இறுக்க, பின்பக்கம் தூணில் முட்டியபடி நீலக் கார் நின்றது. எந்தக் கதவும் திறக்காது.

கண்ணாடிகள் முழுவதும் வெள்ளை. உட்பக்கமாக. நாணயத் தடிப்பில் பனி.

ஐங்கரன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு நாள் மூச்சில் பனி அவ்வளவு தடிப்பாகாது.

கீறும் சத்தம் கேட்டது.

நின்றது.

மறுபடியும். நகம்.

முன்கண்ணாடிப் பனியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு துளை விழுந்தது. துளைக்குள் ஒரு கண். அது கொட்டகையெல்லாம் தேடி, ஐங்கரனிடம் வந்து நின்றது.

"ஜோன்சன்," என்றான். "வானைத் தள்ளு. திற."

ஜோன்சன் அசையவில்லை. "திறக்கலாம் அண்ணை. திறந்தா அந்தச் சீவன் கதைக்கும்."

"உயிர் கிடக்கு, ஜோன்சன்."

"ஓம். இண்டைக்குக் கிடக்கு." காரைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனான். "நாளைக்கு விடிய, முதலாளி வர முன்னம், வானை நான் அங்காலை அரக்கி விடுவன். வீடில்லாத ஆள் ஒண்டு வேலி பாய்ஞ்சு வந்து காருக்குள்ளை படுத்துக் கிடந்தது எண்டு போகும். படிவத்திலை உங்கடை கையெழுத்துத்தான் முதல். என்ரை அதுக்குக் கீழை. திற எண்டு இன்னொருக்காச் சொல்லுங்கோ, திறக்கிறன்."

கண் இமைத்தது.

ஐங்கரன் வாயைத் திறந்தான். குளிர் காற்று பல்லில் பட்டது. சொல்லத்தான் போகிறான் என்று அவனே நினைத்தான். பிறகு வாயை மூடினான். திரும்பி வெளியே நடந்தான்.

ஜோன்சன் சுவிச்சை அழுத்தினான். உருட்டுக் கதவு கிறீச்சிட்டுக்கொண்டு மெதுவாக இறங்கியது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஐங்கரன் நினைத்தான். பார்த்தான்.

குறுகிக்கொண்டு வந்த வெளிச்சத்தில் கண் இல்லை. கண் இருந்த இடத்தில் ஒரு உள்ளங்கை. பனியை உருக்கிக்கொண்டு கண்ணாடியோடு ஒட்டி நின்றது. ஐந்து விரல்.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு கை வந்து ஒட்டியது.

சின்னது.