அம்மணி கூப்பிட்ட பெயர்

ஹெட்ஃபோனின் பஞ்சு ஈரமாக இருந்தது. அதைக் காதில் மாட்டப் போன ஞானஜோதி, கன்னத்தில் பட்ட குளிர்ச்சியில் சட்டென்று கையை விலக்கிக்கொண்டாள். அண்ணாந்து பார்த்தாள். கூரையில் ஒழுகல் இல்லை. ஜன்னல்கள் சாத்தியே இருந்தன. துப்பட்டா நுனியால் துடைத்தபோது விரலில் ஒரு பிசுபிசுப்பு ஒட்டிக்கொண்டது. மழைத் தண்ணீர் இப்படி ஒட்டாது என்று தோன்றியது. தோன்றியதை அதற்குமேல் வளர்க்காமல் வேலையைப் பார்க்கப் போனாள்.

விடாத மழையில் தாம்பரத்தின் முடிச்சூர் சாலை முழங்கால் அளவுக்கு மூழ்கியிருந்தது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. கீழே டைல்ஸ் கடைக்காரர் ஷட்டரை இறக்கி மணல் மூட்டை அடுக்கிவிட்டுப் போயிருந்தார். அந்தக் கடைக்கு மேலே, மாடியிலிருந்த இரண்டு அறைகள்தான் அவர்களுடைய காப்பகம். கடலோரக் குப்பங்களின் பாட்டையும் பேச்சையும் சடங்குகளையும் அந்த மக்களின் குரலிலேயே பதிந்து வைக்கிற சின்ன அமைப்பு. நடத்துகிறவர் எட்மண்ட். ஊர் ஊராகப் போய்ப் பதிவதும், உட்கார்ந்து வெட்டி ஒட்டுவதும் ஞானஜோதி. மத்தியானம் எட்மண்ட் பொழிச்சலூரிலிருந்து ஃபோன் செய்திருந்தார்.

"எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி ஜோதி. நீ பக்கத்துலதானே இருக்க, ஹார்ட் டிஸ்க்கையெல்லாம் எடுத்து வீட்டுல வெச்சிடு. அந்தப் பழைய பில்டிங்கை நம்ப முடியாது."

மெயின் ஸ்விட்சைப் போட்டதும் கண்காட்சி அறையின் ஸ்பீக்கர் தானாகப் பேசத் தொடங்கியது. அப்படித்தான் அமைத்திருந்தார்கள். மீன்காரி அம்மணியின் குரல் அறையை நிறைத்தது.

"ஓ... குப்போ... ஓய்..."

நீண்டு, நடுவில் ஒரு முறை உடைந்து, மறுபடி நிமிர்ந்து எழும் குரல். பிறகு ஒரு இடைவெளி. பிறகு மறுபடியும் அதே பெயர். கண்காட்சி தொடங்கிய நாளிலிருந்து காலை முதல் மாலை வரை ஓடிக்கொண்டிருக்கும் பதிவு அது. பார்க்க வந்தவர்கள் வலைகளையும் படங்களையும் கடந்து நேராக அந்த ஸ்பீக்கர் முன்னால் போய் நின்றுவிடுவார்கள். சிலர் அழுதார்கள்.

அதைப் பதிந்தது பெரும்பாக்கத்தில், அரசுக் குடியிருப்பின் ஏழாவது மாடியில். கடல் அரித்து வீடுகளைத் தின்ற பிறகு அந்தக் குப்பத்தையே தூக்கி வந்து அங்கே வைத்திருந்தார்கள். கரையில் அடுத்தடுத்து இருந்தவர்கள் இப்போது ஒரே வராந்தாவில் அடுத்தடுத்து இருந்தார்கள். முக்கால்வாசி வீடுகளில் கடல் கொண்டுபோன ஓர் ஆணின் படம் மாலையோடு தொங்கியது. அம்மணியின் புருஷனையும் கடல்தான் கொண்டுபோயிருந்தது, ஆனால் அவள் வீட்டில் படம் இல்லை. மீன் விற்றுவிட்டு வந்து குளித்து, ஈரத் தலையோடு மைக் முன்னால் உட்கார்ந்தவள் சொன்னது ஞானஜோதிக்கு இன்னும் நினைவிருந்தது.

"நாங்கெல்லாம் புருஷன் பேரை வாயால சொல்ல மாட்டோம்மா. கடலுக்குப் போனவன் திரும்பலன்னா மட்டும், சாயங்காலத்துல கரையில நின்னுகினு பேரைச் சொல்லிக் கூப்புடுவோம். காதுல வுழுந்துச்சுன்னா, எங்க கீறானோ அங்கேர்ந்து நடந்து வருவான்."

"வந்திருக்காங்களா அக்கா யாராவது?"

"வந்துடக் கூடாது." அம்மணி சிரிக்கவில்லை. "மூணாவது சாயங்காலம் கடலுக்கு முதுகு காட்டி நின்னு, போயிடு, இங்க உனக்கு யாரும் இல்லன்னு சொல்லி முடிச்சிடணும். கூப்புட்டவதான் முடிக்கணும், வேற யாரும் முடிக்க முடியாது. முடிக்கலன்னா அவன் பாட்டுக்கு நடந்துகினே இருப்பான்."

பிறகு எழுந்து, சதுப்பு நிலத்தைப் பார்த்த ஜன்னலருகே நின்று கூப்பிட்டாள். திரும்பி நின்று முடிவுச் சொற்களைச் சொன்ன நேரத்தில் தலைக்கு மேல் விமானம் ஒன்று இரைந்து போனது. அந்தப் பகுதி எதற்கும் உதவவில்லை. எட்மண்டும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. "முடிவு வேணாம் ஜோதி. அந்தக் கூப்பாடு ஒண்ணு போதும், கேட்கறவங்களை உலுக்கிடும்," என்றார். அவள் வெட்டினாள்.

ஞானஜோதி ஹார்ட் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் பாலித்தீன் உறையில் சுற்றிப் பையில் அடுக்கினாள். மூன்றரை மணிக்கே வானம் கருத்து, ஜன்னல் கண்ணாடியில் அவளுடைய முகமே அவளுக்குத் தெரிந்தது. மழை தகரக் கூரைகளின் மேல் ஒரே சீராக இரைந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், முதலில் சுவரின் பழைய ஈர வாடை என்று நினைத்த ஏதோ ஒன்று, மெல்ல மெல்லக் கனத்துக்கொண்டே வந்து, டீசலும் நைந்த கயிறும் வெயிலில் கிடந்த மீன்குடலும் கலந்த நாற்றமாகத் தொண்டைக்குள் இறங்கியது. அவள் எத்தனையோ கரைகளில் நின்றிருக்கிறாள். அது கரையின் நாற்றம் இல்லை. படகின் அடித்தட்டில், வெளிச்சமே படாத இடத்தில், நாள்கணக்கில் தேங்கிய தண்ணீரின் நாற்றம்.

"ஓ... குப்போ... ஓய்..."

இடைவெளி. அந்த இடைவெளியை அவள் நன்றாக அறிவாள். அம்மணி மூச்சு வாங்குவது கேட்கும், பக்கத்து வீட்டில் குக்கர் ஒன்று மெதுவாகச் சீறும். அவ்வளவுதான் அதில் இருந்தது.

இப்போது அதில் இன்னொரு சத்தம் இருந்தது. தொப்பென்று ஒன்று. நனைந்த சாக்கு மூட்டையைத் தரையில் வைத்தது போல.

ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. படிக்கட்டிலிருந்து வந்தது.

டைல்ஸ் கடைக்காரர் திரும்பி வந்திருப்பார் என்று நினைத்தாள். "யாருங்க?" என்று கேட்டாள். ஸ்பீக்கரில் அம்மணி மறுபடி கூப்பிட்டாள். குரல் ஓய்ந்ததும் மறுபடி தொப்பென்ற சத்தம். முதலில் கேட்டதைவிட ஒரு படி மேலே.

கூப்பிட்டால் ஒரு படி. கூப்பிட்டால் இன்னொரு படி.

ஞானஜோதி ஓடிப்போய் ஸ்பீக்கரின் ஒயரைப் பிடித்து இழுத்தாள். ப்ளக் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. குரல் பாதிப் பெயரில் அறுந்தது. மழை மட்டும் மிச்சம். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். படிக்கட்டில் எதுவும் நகரவில்லை.

ஆனால் அது போகவும் இல்லை. கதவுக்கு வெளியே, மேல்படிக்குச் சற்றுக் கீழே, ஏதோ ஒன்று நின்றுகொண்டிருந்தது. சொட்டும் சத்தம் கேட்டது. தலையைச் சாய்த்து அடுத்த கூப்பாட்டுக்குக் காது கொடுக்கும் ஒருவரைப் போல, அது பொறுமையாக நின்றது.

கதவின் அடியில் தண்ணீர் வந்தது. மெல்லிய நாக்காக உள்ளே நீண்டு, மொசைக் தரையின் சரிவுக்கு எதிர்த்திசையில், அவள் நின்ற பக்கமாக ஊர்ந்தது. அதன் ஓரங்களில் நுரை இருந்தது.

வெளியே போக அந்தப் படிக்கட்டு ஒன்றுதான் வழி. ஜன்னல்களில் கம்பி. எட்மண்டை ஃபோனில் கூப்பிட்டாள், தொடர்பு கிடைக்கவில்லை. பிறகு, வேறு யாரால் என்ன செய்ய முடியும் என்று புரிந்தவளாக, அம்மணியின் எண்ணை அழுத்தினாள்.

"இன்னாமா, மழையில கூப்புடற?" அம்மணியின் குரலுக்குப் பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா. நீங்க கூப்பிட்டதைப் பதிஞ்சோம்ல. அதை இங்க ஸ்பீக்கர்ல போட்டு வெச்சிருந்தோம். தினமும். நாள் முழுக்க."

"சொன்னாங்க. பக்கத்து வூட்டு வெண்ணிலா வந்து பார்த்துட்டு வந்து சொல்லிச்சு."

"முடிவைப் போடலக்கா. கூப்பிடறதை மட்டும் போட்டோம்." ஞானஜோதியின் குரல் தாழ்ந்தது. "இங்க படிக்கட்டுல யாரோ நிக்கிறாங்க."

டிவி நின்றது. அம்மணி அதை அணைத்திருக்க வேண்டும்.

"எப்புடி நிக்குது?" என்று கேட்டாள்.

"தெரியல. கதவு சாத்தியிருக்கு. தண்ணி உள்ள வருது."

"மூச்சு வுடறது கேக்குதா?"

ஞானஜோதி காது கொடுத்தாள். கேட்டது. உள்ளே போகும்போது சளசளத்து, வெளியே வரும்போது விசில் போல மெலிந்து தேயும் மூச்சு. "கேட்குது," என்றாள்.

"விசில் மாதிரியா?"

"ஆமா."

"ஆஸ்துமா அவருக்கு," என்றாள் அம்மணி.

"அக்கா, நான் ஃபோனை ஸ்பீக்கர்ல போடறேன். நீங்க முடிவைச் சொல்லுங்க. அன்னிக்குச் சொன்னீங்களே, அதைச் சொல்லுங்கக்கா. போகட்டும்."

"அன்னிக்கு நான் சொல்லல."

ஞானஜோதிக்கு முதலில் விளங்கவில்லை.

"ப்ளேன் வந்துச்சே, அந்தச் சத்தத்துல வாயை மட்டும் அசைச்சேன்," அம்மணி நிதானமாகப் பேசினாள். "கரையிலயும் சொல்லல. மூணாவது நாள் எல்லாரும் பின்னால நின்னுகினு கீறாங்க, நான் முணுமுணுத்துட்டு வந்துட்டேன். ஊரே முடிஞ்சிதுன்னு நெனச்சிகிச்சு. எப்புடிமா சொல்றது, போயிடு உனக்கு யாரும் இல்லன்னு. நான் கீறேனே."

"அக்கா, தயவுசெஞ்சு."

"ஸ்பீக்கர்ல போடு."

ஞானஜோதி போட்டாள். ஃபோனை நீட்டிப் பிடித்தாள். தண்ணீர் அவள் செருப்பைத் தொட்டது. ஐஸ் போல இருந்தது.

"குப்பா," என்றாள் அம்மணி. பதிவில் இருந்த கூப்பாடு இல்லை அது. பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பும் குரல்.

வெளியே மூச்சு நின்றது.

"அது அந்தப் பொண்ணு வேலை செய்யற இடம். அங்க இன்னா உனுக்கு? நம்ம வூடு இப்ப அங்க இல்ல. கரையில தேடாத. பெரும்பாக்கத்துல கீது. ஏழாவது மாடி. லிஃப்ட் ஓடாது, படியில வந்துடு. கதவைத் திறந்து வெக்கிறேன்."

"அக்கா, வேணாம்."

"வா," என்றாள் அம்மணி.

கதவுக்கு வெளியே அது திரும்பியது. கனமான ஏதோ ஒன்று சுவரில் உராய்ந்து இறங்கியது. ஒரு படி. இன்னொரு படி. கூடவே, அதற்குப் பின்னால், இன்னொரு ஜோடிக் கால்கள். அதற்கும் பின்னால் வேறு கால்கள். படிக்கட்டு முழுக்க நெருக்கியடித்து நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி இறங்குகிற சத்தம். இவ்வளவு நேரமும் ஒருவர்தான் என்று நினைத்திருந்தாள். கூப்பாடு கேட்டது ஒருவர் காதில் மட்டுமில்லை.

தரையிலிருந்த தண்ணீர் கதவடி வழியாக வந்த வழியே திரும்பிப் போனது.

ஞானஜோதி ஜன்னலுக்கு ஓடினாள். சாலையில் மழை மட்டும் விழுந்துகொண்டிருந்தது. பாதி மூழ்கிய ஆட்டோ. மிதக்கும் காய்கறிப் பெட்டி. யாரும் இல்லை. தண்ணீர் மட்டும், தெரு முழுக்க, கிழக்குப் பக்கமாக, ஒரே சமயத்தில் லேசாக அசைந்தது. அடியில் யாரோ நடப்பது போல.

ஃபோன் துண்டிக்கப்படவில்லை.

"அக்கா, கதவைத் திறக்காதீங்க. ஒருத்தர் இல்ல. நிறையப் பேர். கேட்குதா?"

கேட்கவில்லை போலும். அம்மணி ஃபோனை எங்கோ வைத்துவிட்டு நடமாடிக்கொண்டிருந்தாள். தட்டு வைக்கும் சத்தம். சோற்றுப் பானையின் மூடி. கொலுசு இல்லாத கால்களின் அவசர நடை. ஏதோ ஒரு பாட்டை முனகினாள். தாம்பரத்திலிருந்து பெரும்பாக்கம் வெகு தூரம், மழையில் பஸ்கூட ஓடாது, நேரம் இருக்கிறது என்று ஞானஜோதி தனக்குள் சொல்லிக்கொண்டாள். "அக்கா" என்று கத்தினாள். திரும்பத் திரும்பக் கத்தினாள்.

ஃபோனுக்குள் படிக்கட்டு ஒன்று ஒலித்தது. தொப்பென்று. தொப்பென்று.

தாழ்ப்பாள் விலகியது.

"வந்துட்டியா," என்றாள் அம்மணி. அந்த ஒரு சொல்லில் அவள் இருபது வயதுப் பெண்ணாகிவிட்டிருந்தாள். பிறகு, சற்றே தயங்கி, "இத்தினி பேரையா கூட்டிகினு வந்த?"

விசில் போன்ற மூச்சு மட்டும். மிக அருகில்.

"இன்னாயா இது," அம்மணியின் குரல் குறைந்தது. "உன் மூஞ்சி எங்க?"

அதன்பின் அம்மணி பேசவில்லை. கத்தவும் இல்லை. தட்டு ஒன்று தரையில் உருண்டு, சுழன்று, மெதுவாக அடங்கியது.

ஞானஜோதி ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அணைக்க முடியவில்லை.

வராந்தாவில் அடுத்த வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் விலகியது. ஒரு பெண், வயதானவள், நம்ப முடியாத சந்தோஷத்தில் குரல் நடுங்க, ஒரு பெயரைச் சொன்னாள். "சவுரி?" அதற்கும் அடுத்த கதவு திறந்தது. "தசரதா, நீயாடா?" அடுத்தது. அடுத்தது. ஏழாவது மாடி நெடுக, ஒவ்வொரு கதவாக, பெண்கள் திறந்துகொண்டே போனார்கள். ஒவ்வொருத்தியும் தன் வீட்டு ஆணின் பெயரைச் சொல்லி, உள்ளே வா என்று அழைத்தாள்.